உயிரறவியலை முதுநிலையில் கற்றல்: ஒப்புதல் என்னும் கருத்தாக்கமும் அதன் தமிழ்மொழிச் சிக்கல்களும்

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவத்திலும் உயிரியல் ஆய்விலும் எழும் அறச்சிக்கல்களை முறைப்படி ஆராயும் துறை உயிரறவியல் ஆகும். இத்துறை முதுநிலையில் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எத்தகைய சிந்தனைப் பயிற்சியை அது வேண்டுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. துறையின் மையக் கருத்தாகிய ‘அறிந்தளிக்கும் ஒப்புதல்’ இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஒப்புதல் என்பது சட்டநிகழ்வாக இருப்பதோடு மொழிநிகழ்வாகவும் இருத்தலால், தமிழ் பேசும் மக்களிடம் பெறப்படும் ஒப்புதலின் தகுதி அது கேட்கப்படும் தமிழைப் பொறுத்தது என்பதும், எனவே தமிழ்த்துறைகளுக்கு உயிரறவியலில் உரிமையான இடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: உயிரறவியல், அறிந்தளிக்கும் ஒப்புதல், அறநெறிக் குழு, வழக்காய்வு, மொழியாக்கம், களஆய்வு.

முன்னுரை

ஒருவரின் உடலிலிருந்து ஆய்வுக்காக இரத்தம் எடுப்பதற்கும், அவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கும், அவரது நோய்வரலாற்றைப் பதிவு செய்வதற்கும் அவரது இசைவு வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறியாகும். அந்த இசைவு எந்த மொழியில் கேட்கப்படுகிறது, கேட்கப்பட்ட சொற்களை அவர் எப்பொருளில் உணர்ந்தார் என்னும் வினாக்கள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. தமிழ்நாட்டில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இறுதிக் கட்டத்தில் தமிழாக்கப்படுகின்றன. அத்தமிழைப் படித்தோ கேட்டோதான் ஒருவர் தம் உடலைப் பற்றிய முடிவை எடுக்கிறார். சொல் தவறினால் முடிவும் தவறும். இந்நிலையில் உயிரறவியல் என்னும் துறை எதைக் கற்பிக்கிறது, தமிழாய்வாளர்கள் அதில் ஆற்றத்தக்க பணி யாது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் எல்லையும்

‘பயோஎத்திக்ஸ்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் உயிரறவியல், உயிரி அறவியல், உயிரியல் நெறிமுறை எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஈழத்து மெய்யியல் கல்வி மரபில் அறவியலை ‘ஒழுக்கவியல்’ என்று குறிக்கும் வழக்கமும் உண்டு. ‘நெறிமுறை’ என்பது வகுத்துவைத்த விதிகளின் தொகுப்பையும், ‘ஒழுக்கம்’ என்பது தனிமனித நடத்தையையும் முதன்மையாகச் சுட்டுவன. இத்துறையோ விதிகளையும் நடத்தையையும் காரணம் கேட்டு ஆராய்வது. ஆகவே ‘உயிரறவியல்’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இச்சொல்லின் செருமானிய வடிவத்தை ஃபிரிட்ஸ் யாஹ்ர் 1927இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கையாண்டார். விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின்பால் மனிதருக்குள்ள கடமையே அவருடைய கருப்பொருளாகும். அமெரிக்க உயிர்வேதியியலாளரான வான் ரென்சலேர் பாட்டர் 1970இல் இச்சொல்லை மீண்டும் முன்வைத்து, 1971இல் அதனைத் தலைப்பில் கொண்ட நூலை வெளியிட்டார். உயிரியல் அறிவையும் மனித விழுமியங்களையும் இணைத்து மனித இனத்தின் நிலைபேற்றைக் காக்கும் அறிவாக அவர் அதனைக் கண்டார். எனினும் 1969இல் தொடங்கப்பெற்ற ஹேஸ்டிங்ஸ் மையம், 1971இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற கென்னடி நிறுவனம் ஆகியவற்றின் செல்வாக்கால் இச்சொல் மருத்துவத்தையும் மருத்துவ ஆய்வையும் முதன்மையாகக் குறிப்பதாயிற்று. சூழலியல், விலங்குரிமை ஆகியன இன்று மீண்டும் துறைக்குள் இடம்பெற்று வருகின்றன.

2. துறை தோன்றிய சூழலும் அதில் மொழியின் பங்கும்

முதுநிலைப் பாடங்கள் பெரும்பாலும் வரலாற்றிலிருந்தே தொடங்குகின்றன. நாசி முகாம்களில் கைதிகள்மீது சோதனை நடத்திய மருத்துவர்கள்மீதான வழக்கின் தீர்ப்பில் 1947இல் இடம்பெற்ற 10 கூறுகள் ‘நியூரம்பெர்க் நெறி’ எனப்படுகின்றன. ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதற்கூறு. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஏற்றது. அது பலமுறை திருத்தப்பட்டு, இறுதியாக 2024இல் திருத்தம் பெற்றுள்ளது.

நெறிகள் எழுதப்பட்ட பின்னரும் மீறல்கள் தொடர்ந்தன. ஹென்றி பீச்சர் 1966இல் அறத்துக்கு மாறான 22 ஆய்வுகளை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நடத்திய ஆய்வு மீறல்களின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. மேகநோய் கண்ட 399 பேரும் அந்நோய் இல்லாத 201 பேருமாக 600 கறுப்பின ஆடவர்கள் அதில் உட்படுத்தப்பட்டனர். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் உரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை.

இவ்வாய்வில் மொழி ஆற்றிய பங்கு தனித்துக் கருதத்தக்கது. அவர்களிடம் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்னும் பொருளில் அவ்வட்டாரத்தில் வழங்கிய பொதுச்சொல்லே சொல்லப்பட்டது. களைப்பு, இரத்தசோகை முதலிய பலவற்றையும் அச்சொல் குறித்தது. நோயறிதலுக்காக முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்த செயல், இலவசமான தனிச்சிகிச்சை என்று கடிதம்வழி அறிவிக்கப்பட்டது. ஆக, ‘ஆய்வு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘சிகிச்சை’ என்ற சொல் வைக்கப்பட்டது. அந்த ஒரு சொல் மாற்றத்தால் அவர்களின் வருகை, இசைவு, நன்றியுணர்ச்சி அனைத்தும் பொய்யின்மீது கட்டப்பட்டனவாயின.

இவ்வுண்மை வெளிப்பட்டதன் விளைவாக 1974இல் அமெரிக்காவில் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் அமைத்த ஆணையத்தின் பெல்மான்ட் அறிக்கை 1979இல் வெளியிடப்பட்டது. மனிதரை மதித்தல், நலம் செய்தல், நீதி என்னும் மூன்று கோட்பாடுகளை அது வகுத்தது. அதே ஆண்டில் டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் ஆகிய இருவரும் எழுதிய உயிர்மருத்துவ அறவியல் நூல் தன்னாட்சி, தீங்கு செய்யாமை, நலம் செய்தல், நீதி என நான்கு கோட்பாடுகளை முன்வைத்தது.

3. முதுநிலைக் கல்வியின் அமைப்பு

உயிரறவியல் முதுநிலைப் படிப்பில் மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், மெய்யியல் பட்டதாரி, சமூகப் பணியாளர் எனப் பல பின்னணியினர் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். மருத்துவருக்கு நோயறிவு உண்டு. ஆனால் ‘இது ஏன் தவறு?’ என்ற வினாவிற்குக் காரணம் காட்டும் பயிற்சி குறைவு. மெய்யியல் மாணவருக்கு அப்பயிற்சி உண்டு. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு முடிவு எவ்வளவு விரைவில் எடுக்கப்படவேண்டும் என்பது தெரியாது. இவ்விருவரையும் ஒரே வழக்கைப் பற்றிப் பேசவைப்பதே இக்கல்வியின் முதல் பணியாகும்.

யுனெஸ்கோ 2005 அக்டோபரில் ‘உயிரறவியல், மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை’ ஏற்றது. அதனை அடியொற்றி 2008இல் வெளியிட்ட அடிப்படைப் பாடத்திட்டம் 17 அலகுகளையும் குறைந்த அளவாக 30 மணிநேரக் கற்பித்தலையும் கொண்டது. அது எல்லாருக்குமான தொடக்கநிலை அளவு. முதுநிலைப் படிப்பு அதனினும் விரிவாகப் பின்வரும் பகுதிகளைக் கொண்டு அமைகிறது.

முதலாவது, அறக்கோட்பாடுகள். விளைவைக் கொண்டு செயலை மதிப்பிடும் பயன்வழிக் கோட்பாடு, செயலின் நெறியைக் கொண்டு மதிப்பிடும் கடப்பாட்டுக் கோட்பாடு, செய்பவரின் பண்பை நோக்கும் பண்புநலக் கோட்பாடு, உறவையும் சார்பையும் மையமாக்கும் பரிவுக் கோட்பாடு ஆகியன கற்பிக்கப்படுகின்றன.

இரண்டாவது, மருத்துவமனை அறவியல். உயிர்காப்புக் கருவியை விலக்குதல், நோயுண்மையை உரைத்தல், உறுப்புக் கொடை, வாடகைத்தாய் முறை ஆகியன இதில் அடங்கும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டமும் இப்பகுதிக்குரிய பாடங்களாகும். கண்ணியமாக இறக்கும் உரிமையை ஏற்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், அதன் நடைமுறைகளை எளிதாக்கிய 2023 ஜனவரி ஆணையும் உடன்வைத்துக் கற்கப்படுகின்றன.

மூன்றாவது, ஆய்வு அறவியல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2000, 2006 ஆகிய ஆண்டுகளின் வழிகாட்டுதல்களைத் தொடர்ந்து 2017இல் வெளிவந்த தேசிய வழிகாட்டு நெறிகள் 12 பொதுக்கோட்பாடுகளைக் கொண்டவை. புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய 2019ஆம் ஆண்டின் விதிகள் இவற்றுக்குச் சட்டத்துணையாக நிற்கின்றன.

இந்தியாவில் இத்துறைக்கெனத் தனிப்படிப்புகள் சிலவே. மங்களூருவிலுள்ள யெனெப்போயா பல்கலைக்கழகத்தின் அறவியல் மையம் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்திவருவது குறிப்பிடத்தக்கது. மும்பையிலிருந்து 1993 முதல் வெளிவரும் இந்திய மருத்துவ அறவியல் இதழ், இந்திய வழக்குகளை இந்தியச் சூழலில் வைத்து விவாதிக்கும் களமாக விளங்குகிறது.

4. வழக்காய்வு என்னும் கற்றல்முறை

உயிரறவியல் மாணவர் கோட்பாடுகளை மனப்பாடம் செய்வதால் மட்டும் தேர்ச்சி பெறுவதில்லை. வழக்குகளைப் பகுத்தாயும் திறனாலேயே மதிப்பிடப்படுகிறார். ஜான்சன், சீக்லர், வின்ஸ்லேட் ஆகிய மூவரும் 1982இல் வெளியிட்ட நூல், மருத்துவமனை வழக்குகளை நான்கு தலைப்புகளின்கீழ் பகுக்கும் முறையைத் தந்தது. மருத்துவத் தேவை, நோயாளியின் விருப்பம், வாழ்வின் தரம், சூழல் என்பன அத்தலைப்புகள். ஆய்வு சார்ந்த வழக்குகளில் ஒப்புதல், இடரும் பயனும், நீதி ஆகியன தலைப்புகளாகின்றன. இம்முறையின் இயல்பைப் பின்வரும் இரு வழக்குகள் புலப்படுத்தும்.

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசித் திட்டம் ஒன்று 2009இல் தொடங்கி, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி பெற்றோர் 10 முதல் 14 வயதுடைய சிறுமியர். அவர்களுள் பலர் பழங்குடியினர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அளித்த அறிக்கை, ஆந்திராவில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948 கைநாட்டுப் பெற்றவை என்றும், 2,763 விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டவை என்றும் குறிப்பிட்டது.

இவ்வழக்கை முதன்முறை படிக்கும் மாணவர் பெரும்பாலும் கைநாட்டையே குறையாகச் சுட்டுவர். ஆய்ந்து நோக்கின், கைநாட்டு தன்னளவில் குறையன்று. எழுத்தறியாதவர் நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னிலையில் செய்தியைக் கேட்டறிந்து கைநாட்டிடலாம் என நெறிகளே ஏற்கின்றன. சாட்சி இருந்தாரா, என்ன சொல்லப்பட்டது என்பனவே கேட்கவேண்டிய வினாக்கள். விடுதிக் காப்பாளரின் கையொப்பமோ வேறுவகைச் சிக்கல். படித்தவர், நல்லெண்ணம் உடையவர் என்னும் காரணங்களால் அவர் பெற்றோரின் இடத்தைப் பெற்றுவிடுவதில்லை.

திட்டக் காலத்தில் 7 சிறுமியர் இறந்தனர். அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என விசாரணையில் கருதப்பட்டது. ‘தொடர்பில்லை என்றால் தவறும் இல்லையே’ என்ற வாதம் வகுப்பில் எழுவது இயல்பு. ஒப்புதல் நெறி தீங்கைத் தடுக்கும் கருவியாக மட்டும் இருந்தால் அவ்வாதம் நிற்கும். அது மனிதரை மதித்தலின் வடிவமாகவும் இருப்பதால், தீங்கே நேராவிடினும் ஒப்புதற்குறை குறையாகவே நிற்கும். இவ்வேறுபாட்டை உணர்வதே வழக்காய்வு தரும் பயிற்சியாகும்.

இரண்டாவது வழக்கு அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினருடையது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் அம்மக்களிடம் இரத்தம் பெற்றனர். நீரிழிவு நோய்க்கான ஆய்வு என்றே மக்கள் கருதினர். ஆனால் மனச்சிதைவு, குலத்தின் புலம்பெயர்வு வரலாறு முதலிய ஆய்வுகளுக்கும் அவ்விரத்தம் பயன்பட்டது. படிவத்தில் ‘நடத்தை, மருத்துவக் கோளாறுகள்’ என்னும் பொருள்தரும் விரிந்த தொடர் இருந்தமையால் ஒப்புதல் பெறப்பட்டதாகவே ஆய்வாளர் தரப்பு கருதியது. அம்மக்களுள் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. 2010இல் இவ்வழக்கு சமரசமாக முடிந்து, 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. எஞ்சிய இரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. கையொப்பம் இருந்தது, கையொப்பமிட்டவர் கருதிய பொருளும் பெற்றவர் கருதிய பொருளும் வேறாக இருந்தன. ஒப்புதலின் மொழிச்சிக்கலை இதனினும் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது.

5. தமிழில் ஒப்புதல் கேட்டல்

ஒப்புதல் படிவம் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில், கலைச்சொல் மிகாத எளிய நடையில் அமையவேண்டும் என இந்திய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இது எளிதில் நிறைவேறுவதன்று என்பதைச் சில சொற்களைக்கொண்டு விளக்கலாம்.

பரிசோதனை: புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வை ‘மருத்துவப் பரிசோதனை’ என மொழிபெயர்ப்பதுண்டு. மருத்துவமனை வழக்கில் இச்சொல்லின் பொருள் வேறு. இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்பன நோயாளியின் நலனுக்காகச் செய்யப்படுவன. எனவே ‘பரிசோதனையில் கலந்துகொள்ளுங்கள்’ என்று கேட்கும் ஒருவர், தம் நோயை அறிந்து தீர்ப்பதற்கான செயல் என்றே எண்ணுவார். ஆய்வைச் சிகிச்சையாகக் கருதும் இம்மயக்கத்தைப் பால் ஆப்பெல்பாம் முதலியோர் 1982இல் தனிக் கருத்தாக்கமாக விளக்கினர். ஆங்கிலத்தில் அம்மயக்கம் சூழலால் எழுகிறது. தமிழில் சொல்லே அதனை உண்டாக்கிவிடுகிறது. ‘மருந்து ஆய்வு’ என்பதும், அதனையடுத்து ‘இது உங்களுக்கான சிகிச்சை அன்று’ என்னும் தொடரும் இம்மயக்கத்தைக் குறைக்கும்.

போலி மருந்து: ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்துச்சத்தற்ற மாத்திரையைப் ‘போலி மருந்து’ என்றால், கடைகளில் பிடிபடும் கலப்பட மருந்தே நினைவுக்கு வரும். ‘வெற்று மருந்து’ என்பது அச்சத்தைத் தவிர்க்கும். ஆனால் பொருளைத் தானே விளக்காது. ‘பார்வைக்கு மருந்துபோல இருக்கும், அதில் மருந்துச்சத்து இராது’ என விரித்துக் கூறுதலே பொருந்தும்.

சமவாய்ப்பு முறை: ‘தாங்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுள் ஒன்றிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் ‘சமவாய்ப்பு’ சமூகநீதியையும் ‘ஒதுக்கீடு’ கல்வி, வேலைவாய்ப்பையும் நினைவூட்டுவன. இதனைப் பின்வருமாறு கூறலாம்: ‘சேருகிறவர்களில் பாதிப்பேருக்குப் புதிய மருந்து கிடைக்கும். பாதிப்பேருக்கு மருந்துச்சத்து இல்லாத மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போடுவதுபோலக் கணினி முடிவு செய்யும். மருத்துவருக்கும் அது தெரியாது.’ குலுக்கல் என்றால் பரிசு நினைவுக்கு வரலாம் என்பதால், ‘சீட்டில் வருவது நல்லதா கெட்டதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது; அதை அறியத்தான் இந்த ஆய்வு’ என்பதையும் சேர்த்தல் வேண்டும்.

தன்னார்வம்: ‘தன்னார்வத்துடன் பங்கேற்கிறேன்’ என்பதில் தொண்டு, சேவை என்னும் சாயல் உண்டு. மறுப்பவர் நற்செயலை மறுப்பவர்போல உணர நேரும். ‘விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம், சேராவிட்டாலும் உங்களுக்குக் கிடைத்துவரும் சிகிச்சை குறையாது’ என்பதில் அச்சாயல் இல்லை.

சொற்களுக்கு அப்பால் தொடரமைப்பும் கருதத்தக்கது. ‘இரத்தம் எடுக்கப்படும்’ என்னும் செயப்பாட்டு வினை எடுப்பவரையும், எத்தனை முறை என்பதையும் மறைக்கிறது. ‘5 மில்லிலிட்டர்’ என்பதோடு ‘ஒரு தேக்கரண்டி அளவு’ என்பதும் சேரும்போதே அளவு புலப்படும். ‘கையொப்பம் இடவும்’ என்னும் வியங்கோள் நடை, அரசு அலுவலகப் படிவங்களில் மக்கள் பழகிய நடை. அங்கே கையொப்பமிடுதல் தெரிவன்று, கட்டாயம். ஒப்புதல் கேட்கும் ஆவணம் அதே நடையில் அமைந்தால் மறுக்கும் உரிமை இலக்கணத்திலேயே மறைந்துபோகிறது.

இரட்டை வழக்குச் சிக்கலும் உண்டு. படிவம் எழுத்துத்தமிழில் இருக்கும்; விளக்கம் பேச்சுத்தமிழில் நிகழும். அறநெறிக் குழு ஏற்பளிப்பது படிவத்திற்கு. பங்கேற்பாளர் உண்மையில் கேட்டு முடிவெடுப்பது விளக்கத்தை. மேலும் பேச்சுத்தமிழில் ‘சரிங்க’, ‘ம்’ என்பன பல இடங்களில் ‘நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்னும் பொருளையே தருவன. வெள்ளுடை அணிந்தவர்முன் சொல்லப்படும் ‘சரிங்க’ மரியாதையாகவும் இருக்கலாம். அதனை இசைவாகக் கொள்ளுதல் பிழை. ‘நான் சொன்னதை வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்வதைக் கேட்கும் முறை இதற்கு மாற்றாக அமையும்.

குடும்பத்தின் பங்கும் இங்குக் கருதவேண்டியதாகும். நம் மருத்துவமனைகளில் உடன்வந்த உறவினரே செய்தியைக் கேட்பதும் கையொப்பமிடுவதும் பெருவழக்கு. முடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்த பெண் மயக்கநிலையில் இருந்தபோது அவருடைய தாயிடம் பெற்ற ஒப்புதல் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் வழங்கிய ஒரு தீர்ப்பில் கூறியது. நோயறியும் செயலுக்குத் தந்த ஒப்புதலை அறுவைச் சிகிச்சைக்கு நீட்டிக்க இயலாது என்பதும் அத்தீர்ப்பின் முடிபு. குடும்பத்தோடு கலந்து பேசுதல் ஒப்புதலுக்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.

6. இலக்கியச் சான்றுகளைக் கையாளும் முறை

தமிழ்த்துறையினர் உயிரறவியலை அணுகும்போது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை எடுத்துக்காட்டுவது இயல்பு. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கருதிச் செயற்படல் வேண்டும் என்னும் 949ஆம் குறளும், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என நான்கு கூறுகளைச் சுட்டும் 950ஆம் குறளும் மருத்துவ அறத்தின் செறிவான கூற்றுகள் என்பதில் ஐயமில்லை. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையும் ஒரு கூறாக வைத்தமை சிறப்பாகக் கருதத்தக்கது.

எனினும் ‘உயிரறவியல் குறளிலேயே உள்ளது’ என்று முடிப்பது ஆய்வாகாது. நோயாளி மறுத்தால் மருத்துவர் என் செய்வது என்னும் வினா அவ்வதிகாரத்தில் எழுப்பப்படவில்லை. அவ்வினா எழுவதற்கான நிறுவனச் சூழல் பிற்காலத்தது. பழைய நூல் விடைகூறாத வினாவை விடைகூறியதாகக் காட்டினால் நூலுக்கும் துறைக்கும் நாம் நேர்மை செய்தவர்களாகோம். நோயாளியை ஒரு கூறாகக் கொண்ட மரபு, இன்று அவருடைய சொல்லுக்கு என்ன இடம் தரவேண்டும் என்று தொடர்ந்து கேட்பதே பயனுள்ள வாசிப்பாகும்.

7. தமிழ்த்துறைகளுக்குரிய இடம்

மருத்துவ ஆய்வுகளை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் பெற்ற அறநெறிக் குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் இருத்தல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி. அவர்களுள் பாதிப்பேரேனும் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். மருத்துவர், சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளர் ஆகியோருடன் பொதுமக்கள் சார்பாளர் ஒருவரும் இடம்பெறுவார். அவர் மருத்துவத் துறை சாராதவராகவும், அப்பகுதி மக்களின் மொழி, பண்பாடு, அற விழுமியங்கள் ஆகியவற்றை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். ஒப்புதல் ஆவணத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் ஆராய்வது அவருடைய கடமைகளுள் ஒன்று. தமிழ் ஆசிரியர் ஒருவர் இவ்விடத்திற்கு இயல்பாகவே பொருந்துவார். முற்பகுதியில் காட்டிய சொற்சிக்கல்களை அறிந்தவராயின் அவரது பங்களிப்பு எழுத்துப்பிழை திருத்துவதோடு நில்லாது.

மறுபுறம், தமிழாய்வாளர்களின் சொந்தக் களஆய்வும் அறவியலின் எல்லைக்கு உட்பட்டதே. நாட்டுப்புற மருத்துவம், மகப்பேற்றுச் சடங்குகள், பழங்குடியினரின் தாவர அறிவு ஆகியவற்றைத் தொகுக்கும் ஆய்வுகள் தமிழ்த்துறைகளில் பல. இவற்றில் தகவலாளி சொல்வது அவருடைய உடல், குடும்பம், சமூகம் பற்றிய செய்தி. தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழும் காணிப் பழங்குடியினரின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் களைப்பு நீக்கும் பண்பை அவர்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டினர். திருவனந்தபுரத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1990களின் நடுப்பகுதியில் அதன் உரிமத்தைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்கிற்கும் வழங்கியது. அவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு எனப் பகிரப்பட்டது. பயன் பகிர்வுக்கு முன்னோடியாக உலக அளவில் இது பேசப்பட்டது. அதேவேளையில், சிலர் பகிர்ந்த அறிவுக்குச் சமூகம் முழுவதன் இசைவும் வேண்டாவா என்ற வினாவையும் அது எழுப்பியது. தாவரத்தின் பெயரையும் பயனையும் பின்னிணைப்பாக அச்சிடும் ஒவ்வொரு தமிழ் ஆய்வேட்டிற்கும் அவ்வினா பொருந்தும்.

பல்கலைக்கழக மானியக் குழு முனைவர்பட்ட மாணவர்களுக்கு 2 புள்ளிகள் கொண்ட ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. கருத்துத் திருட்டு, போலி இதழ்கள், மேற்கோள் அளவீடு ஆகியவற்றில் அப்பாடத்தின் கவனம் மிகுதி. தகவலாளியிடம் ஒப்புதல் கேட்பது எவ்வாறு, அவர் பெயரை எப்போது மறைப்பது, எப்போது உரிய மதிப்புடன் குறிப்பிடுவது என்பன அதில் போதிய இடம் பெறவில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளியின் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றைப் பட்டியலிடும் நம் மரபு, நோயையும் உடலையும் பற்றிய செய்திகளுக்கு வரும்போது மறுஆய்வுக்கு உரியதாகிறது.

முடிவுரை

இதுகாறும் விளக்கியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. முதுநிலை உயிரறவியல் கல்வி, விதிகளை அறிவதோடு வழக்குகளில் காரணம் காட்டி முடிவு காணும் பயிற்சியையும் வேண்டுகிறது.

2. டஸ்கிகீ முதல் ஹவாசுபாய் வரையிலான வழக்குகளில் ஒப்புதல் சிதைந்த இடங்களுள் மொழியும் ஒன்று. கையொப்பம் இருப்பதால் ஒப்புதல் இருப்பதாகக் கொள்ள இயலாது.

3. தமிழில் கலைச்சொற்கள் அகராதிப் பொருளில் சரியாக இருந்தும் வழக்குப் பொருளில் மயக்கம் தருகின்றன. எனவே ஒப்புதல் படிவங்களின் மொழியாக்கம், மக்களின் வாய்மொழியில் சோதித்துப் பார்த்த பின்னரே ஏற்கப்படுதல் வேண்டும்.

4. தமிழ் முதுகலை, முனைவர்பட்ட முன்பாடங்களில் ஒப்புதல், களஆய்வு அறம் ஆகியன குறித்து ஓர் அலகேனும் சேர்க்கப்படுதல் நன்று. அறநெறிக் குழுக்களில் பங்கேற்கத் தமிழாசிரியர்கள் முன்வருதல் வேண்டும்.

5. ஒப்புதல் கேட்கும் தமிழ்ச் சொற்கள், அவற்றை மக்கள் உணரும் விதம் ஆகியவற்றை வட்டாரவாரியாக ஆராய்தல் மொழியியலுக்கும் மருத்துவத்திற்கும் பொதுவான ஆய்வுக்களமாகும். எழுத்தறியாத ஒருவர் படிவத்தில் பதிக்கும் பெருவிரல் ரேகை, தாம் புரிந்துகொண்ட ஒன்றன்மீது பதிந்ததாக இருத்தல் வேண்டும். அதற்குரிய தமிழை உருவாக்கித் தருதல் தமிழாய்வின் பணிகளுள் ஒன்று என்க.